எட்டா, ஏழா: மக்களவையில் யார் மூத்தவர்?

2024 ஜூன் 24. பதினெட்டாவது மக்களவையின் முதல் நாள். சபாநாயகர் இருக்கையில் பர்த்ருஹரி மஹதாப் அமர்ந்திருந்தார். ஒடிசாவின் கட்டாக் தொகுதியிலிருந்து ஏழாவது முறையாக வென்றவர். ஆறு முறை பிஜு ஜனதா தளத்தின் சார்பில் வந்தவர், அந்தத் தேர்தலுக்கு முன்புதான் பா.ஜ.க.வில் சேர்ந்திருந்தார். அன்று காலை குடியரசுத் தலைவர் மாளிகையில் திரௌபதி முர்மு அவருக்குத் தற்காலிக சபாநாயகராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். புதிய எம்.பி.க்கள் உறுதிமொழி ஏற்கும்போது அவருக்கு உதவியாக இருக்க ஐந்து மூத்த உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் பா.ஜ.க.வின் ராதா மோகன் சிங், ஃபக்கன் சிங் குலஸ்தே இருவர் மட்டுமே அந்த வேலையைச் செய்தார்கள். காங்கிரஸின் கொடிக்குன்னில் சுரேஷ், தி.மு.க.வின் டி.ஆர்.பாலு, திரிணாமூலின் சுதீப் பந்தோபாத்யாய ஆகிய மூவரும் ஒதுங்கிக்கொண்டார்கள்.

காரணம், அந்த இருக்கை சுரேஷுக்கு உரியது என்று எதிர்க்கட்சிகள் நம்பின. கேரளத்தின் மாவேலிக்கரா தொகுதி எம்.பி.யான அவர் வென்றது எட்டு முறை. எட்டு முறை வென்ற தலித் உறுப்பினரை ஒதுக்கிவிட்டு ஏழு முறை வென்றவரை உட்காரவைப்பதா என்று காங்கிரஸ் கேட்டது. நாடாளுமன்ற விவகாரத் துறை அமைச்சர் கிரண் ரிஜிஜு அதற்குப் பதில் வைத்திருந்தார். மஹதாபின் ஏழு முறையும் இடைவிடாமல் வந்தவை, சுரேஷோ 1998-லும் 2004-லும் தோற்றவர், ஆகவே தொடர்ந்து அதிக காலம் இருப்பவர் மஹதாப்தான் என்றார்.

இரண்டு நாளில் ஓம் பிர்லா சபாநாயகரானார். அவரை எதிர்த்து நின்ற அதே சுரேஷ் குரல் வாக்கெடுப்பில் தோற்றார். சர்ச்சையும் அத்தோடு அடங்கிப்போனது. ஆனால் அது எழுப்பிய கேள்வி அப்படியே நிற்கிறது. ஒரு நாடாளுமன்றத்தில் மூத்தவர் யார் என்பதை எதைக்கொண்டு அளப்பது? வயதா, வென்ற தேர்தல்களா, அவையில் கழித்த நாட்களா, இடைவிடாத தொடர்ச்சியா? ஒவ்வொரு அளவுகோலும் ஒவ்வொருவரைக் கைகாட்டும். அப்படியென்றால், அளவுகோலைத் தேர்ந்தெடுப்பவரே ஆளையும் தேர்ந்தெடுத்துவிடுகிறார். நம் ஊரில் அந்த அதிகாரம் ஆளுங்கட்சியிடம் இருக்கிறது என்பதுதான் என் கவலை.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

முதலில் சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சாசனத்தின் 95(1) பிரிவு, சபாநாயகர் பதவியும் துணைச் சபாநாயகர் பதவியும் காலியாக இருந்தால் குடியரசுத் தலைவர் நியமிக்கும் ஓர் உறுப்பினர் அந்தக் கடமைகளைச் செய்வார் என்கிறது. அவ்வளவே. மூத்தவராக இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. மூப்பு என்பது நாடாளுமன்ற விவகாரத் துறையின் கையேட்டில்தான் வருகிறது. புதிய அரசு அமைந்ததும் துறை அதிகாரிகள் மூத்த உறுப்பினர்களின் பட்டியலைத் தயாரிப்பார்கள். அதிலிருந்து தற்காலிக சபாநாயகரையும் உறுதிமொழி செய்துவைக்க உதவுபவர்களையும் அரசு தேர்ந்தெடுக்கும். அமைச்சர் தொலைபேசியில் சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தைக் கேட்பார். பிறகு கோப்பு குடியரசுத் தலைவருக்குப் போகும். மக்களவையில் உறுப்பினராக இருந்த ஆண்டுகள்தான் பட்டியலுக்கு அடிப்படை. அந்த ஆண்டுகள் இடைவெளியில்லாமல் இருக்க வேண்டுமா என்பதுதான் 2024-ல் சண்டையானது.

சரி, ஆண்டுகளையே எண்ணிப் பார்ப்போம். சுரேஷ் முதலில் வென்றது 1989-ல், அடூர் தொகுதியில். அந்த மக்களவை ஒன்றேகால் ஆண்டில் கலைந்தது. அடுத்தது ஏறக்குறைய ஐந்து ஆண்டு. 1996-ல் அமைந்த அவை ஒன்றரை ஆண்டு. 1999 முதல் 2004 தொடக்கம் வரை நான்கே கால் ஆண்டு சொச்சம். பிறகு 2009 முதல் 2024 வரை முழுதாகப் பதினைந்து. கூட்டினால் ஏறத்தாழ 27 ஆண்டுகள். மஹதாப் வந்தது 1998-ல். அந்த அவை பதின்மூன்று மாதமே நீடித்தது. பிறகு 1999, 2004, 2009, 2014, 2019 என்று எல்லாவற்றையும் சேர்த்தால் 25 ஆண்டும் சில மாதங்களும் வரும். ஆக, தேர்தல்களை எண்ணினாலும் நாட்களை எண்ணினாலும் சுரேஷ்தான் முன்னால் நிற்கிறார். வயதை விட்டுவிட்டால், தொடர்ச்சி என்ற ஒரே ஒரு அளவுகோலில் மட்டும்தான் மஹதாப் முந்துகிறார்.

அந்த அளவுகோல் முன்பும் இருந்ததா? 2014-ல் இதே தேசிய ஜனநாயகக் கூட்டணி அரசு தற்காலிக சபாநாயகராக நியமித்தது காங்கிரஸின் கமல்நாத்தை. சிந்த்வாடாவிலிருந்து ஒன்பது முறை வென்றவர். 1996-ல் அமைந்த மக்களவையில் அவர் இல்லை. அந்த இடைவெளியை அன்று யாரும் குறையாகச் சொல்லவில்லை. எதிர்க்கட்சிக்காரர் என்றாலும் அவரை உட்காரவைத்தது நல்ல மரபு. இன்னும் பின்னால் போனால் இந்திரஜித் குப்தா இருக்கிறார். இந்திய கம்யூனிஸ்ட் கட்சித் தலைவரான அவர் மக்களவைக்கு பதினொரு முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1977-ல் மட்டும் தோற்றார். அந்தத் தோல்விக்குப் பிறகு 1990-களில் அவர்தான் அவையின் தந்தையாக மதிக்கப்பட்டார், தற்காலிக சபாநாயகராகவும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அமர்ந்தார். தொடர்ச்சிதான் மூப்பு என்றால் அவருடைய கணக்கு 1980-ல்தான் தொடங்க வேண்டும். அப்படி யாரும் எண்ணவில்லை.

2019-ல் ஏழாவது முறை வென்ற பா.ஜ.க.வின் வீரேந்திர குமார் அந்த இருக்கைக்கு வந்தார். அதே கட்சியில், அமைச்சராகவும் ஆகாமல், எட்டாவது முறை வென்ற மேனகா காந்தி இருந்தார். இருவருமே அப்போது 1996 முதல் இடைவிடாமல் அவையில் இருந்தவர்கள். மேனகாவுக்கு அதற்கு முன் 1989-லும் ஒரு வெற்றி உண்டு. வயதைத் தவிர வேறு எந்த அளவுகோலை வைத்தாலும் அவர் வீரேந்திர குமாருக்குக் கீழே வர வழியில்லை. அப்போது எதிர்க்கட்சி பாதிக்கப்படவில்லை, அதனால் யாரும் சத்தம் போடவில்லை. ஆளுங்கட்சிக்கு வசதி எதுவோ அதுவே விதியாகிறது என்று நான் சொல்வது இதைப் பார்த்துத்தான்.

அந்த ஒரு நாள் அதிகாரம்

உறுதிமொழி செய்துவைக்கும் வேலைக்கு இவ்வளவு சண்டையா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் 2018 மே மாதம் பெங்களூருவில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 104 இடங்களோடு பெரும்பான்மை இல்லாமல் எடியூரப்பா முதல்வராகியிருந்தார். மே 19 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பு நடத்த உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதை நடத்தப்போகிறவர் தற்காலிக சபாநாயகர். ஆளுநர் வஜுபாய் வாலா அதற்கு நியமித்தது பா.ஜ.க.வின் கே.ஜி.போபையாவை. எட்டு முறை வென்ற காங்கிரஸின் ஆர்.வி.தேஷ்பாண்டே அவையில் இருந்தார். போபையா ஏற்கெனவே சபாநாயகராக இருந்து 2010-ல் அதிருப்தி எம்.எல்.ஏ.க்களைத் தகுதிநீக்கம் செய்தவர். அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் பிறகு ரத்து செய்தது.

குரல் வாக்கெடுப்பா, தலையெண்ணிக்கையா, யாருடைய வாக்கு செல்லும், யாருடையது செல்லாது என்பதையெல்லாம் சொல்லப்போகிறவர் யார் என்பதுதான் அன்றைய கேள்வி. காங்கிரஸும் மதச்சார்பற்ற ஜனதா தளமும் நீதிமன்றத்துக்கு ஓடின. சனிக்கிழமை காலையில் அவசரமாகக் கூடிய அமர்வு, மூத்தவரைத்தான் நியமிக்க வேண்டும் என்று தங்களால் உத்தரவிட முடியாது என்றது. மூத்தவர் அல்லாதவர் நியமிக்கப்பட்ட முன்னுதாரணங்கள் இருப்பதையும் சுட்டிக்காட்டியது. போபையாவின் நியமனத்தை ஆராய்வதென்றால் அவருக்கும் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், வாக்கெடுப்பு தள்ளிப்போகும் என்றும் சொன்னது. கடைசியில் அவை நடவடிக்கைகளை நேரலையில் காட்டுவது என்று முடிவானது. வாக்கெடுப்புக்கு முன்பே எடியூரப்பா ராஜினாமா செய்தார். நேரலை இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கும்போது, எழுதப்படாத மரபை நம்பி ஓர் அரசின் தலைவிதியை விடலாமா என்ற கேள்வி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அடுத்த ஆண்டே மகாராஷ்டிரத்தில் இன்னொன்று நடந்தது. 2019 நவம்பரில் உறுதிமொழி செய்துவைத்தது பா.ஜ.க.வின் காளிதாஸ் கோலம்ப்கர். உத்தவ் தாக்கரே அரசு வந்ததும் நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முன் அந்த இருக்கையில் தேசியவாத காங்கிரஸின் திலீப் வால்சே பாட்டீல் அமர்த்தப்பட்டார். எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த இருக்கையின் அருமை தெரிந்தே இருக்கிறது.

முதலில் கையெழுத்திட்டவர்

இந்த மரபுகளை நமக்குக் கொடுத்த பிரிட்டனில் இதற்குத் தெளிவான கணக்கு உண்டு. அங்கே அவையின் தந்தை என்றொரு மதிப்பு இருக்கிறது. மக்களவையில் இடைவிடாமல் அதிக காலம் இருப்பவருக்கே அது. புதிய அவை கூடியதும் சபாநாயகர் தேர்தலை அவர்தான் நடத்துவார். ரிஜிஜு சொன்ன தொடர்ச்சிக் கணக்கு உண்மையில் லண்டன் கணக்குதான். அது எவ்வளவு கறாரானது என்பதற்கு சர்ச்சிலே சாட்சி. 1900-ல் முதன்முதலில் எம்.பி.யான அவர் 1922-ல் தோற்று, 1924-ல்தான் திரும்பி வந்தார். இரண்டு உலகப் போர்களிலும் அமைச்சர், இரண்டு முறை பிரதமர். ஆனாலும் 1922 முதல் இடைவிடாமல் இருந்த டேவிட் கிரென்ஃபெல் என்ற தொழிற்கட்சி எம்.பி. விலகிய பிறகு, 1959-ல்தான் அவருக்கு அந்த மதிப்பு கிடைத்தது. சர்ச்சில் என்பதற்காக யாரும் விதியை வளைக்கவில்லை.

ஒரே தேர்தலில் இருவர் நுழைந்திருந்தால்? அதற்கும் விதி இருக்கிறது. அந்தத் தேர்தலுக்குப் பிறகு யார் முதலில் உறுதிமொழி ஏற்றாரோ அவரே மூத்தவர். 2024 தேர்தலுக்குப் பிறகு 1983-ல் நுழைந்த சிலர் அவையில் இருந்தார்கள். கன்சர்வேடிவ் கட்சியின் எட்வர்ட் லீ, தொழிற்கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டு சுயேச்சையாக வென்ற ஜெரமி கார்பின் இருவரும் அதில் அடக்கம். நாற்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதத்தில் லீ சற்று முன்னதாக உறுதிமொழி எடுத்திருந்தார். அந்தப் பதிவேட்டைப் பார்த்தார்கள், லீ தந்தையானார். எதிலும் எதிரெதிர் துருவங்களான இரண்டு பேர் இருந்தும் ஒரு சச்சரவு இல்லை.

அமெரிக்காவில் இந்தக் கணக்கு இன்னும் நுணுக்கமானது. செனட்டில் ஒரே நாளில் பதவியேற்பவர்களுக்குள் முன்பு செனட்டராக இருந்தவருக்கு முன்னுரிமை, பிறகு பிரதிநிதிகள் சபையில் இருந்தவருக்கு, பிறகு மாநில ஆளுநராக இருந்தவருக்கு என்று போய், எதுவும் இல்லையென்றால் மாநிலத்தின் மக்கள்தொகை பார்க்கப்படும். ஒரே மாநிலத்தவர் என்றால் அகர வரிசை. 2021 ஜனவரி 20 அன்று ஜார்ஜியா மாநிலத்திலிருந்து ஜான் ஆசஃப், ரஃபேல் வார்னாக் இருவரும் ஒன்றாகப் பதவியேற்றார்கள். ஆசஃபுக்கு வயது 33, வார்னாக்குக்கு 51. ஆங்கில எழுத்துவரிசையில் ஆசஃபின் பெயர் முன்னால் வருவதால் அவர்தான் ஜார்ஜியாவின் மூத்த செனட்டர். பிரதிநிதிகள் சபையில் 1981-ல் ஒன்றாக நுழைந்த ஹால் ரோஜர்ஸுக்கும் கிறிஸ் ஸ்மித்துக்கும் இடையில் இதே அகர வரிசைதான் ரோஜர்ஸை அவையின் மூத்தவராக்கியிருக்கிறது. அலுவலக அறையைத் தேர்ந்தெடுப்பதில்கூட மூப்புதான். அந்தச் சபையின் புதிய உறுப்பினர்கள் குலுக்கலில் எண் எடுத்து, மிச்சமிருக்கும் அறைகளுக்குக் காத்திருப்பார்கள்.

தென் கரோலினாவின் எர்னஸ்ட் ஹாலிங்ஸ் 1966-ல் செனட்டுக்கு வந்தார். அவருடைய மாநிலத்தின் இன்னொரு இடத்தில் ஸ்ட்ராம் தர்மண்ட் இருந்தார். தர்மண்ட் நூறு வயதில், 2003 ஜனவரியில்தான் விலகினார். அதுவரை முப்பத்தாறு ஆண்டுகள் ஹாலிங்ஸ் இளைய செனட்டராகவே இருந்தார். மூத்தவரானபோது அவருக்கு வயது 81.

செனட்டின் இடைக்காலத் தலைவர் பதவி பெரும்பான்மைக் கட்சியின் மூத்தவருக்குப் போவது அங்கே மரபு. 1947-ம் ஆண்டுச் சட்டப்படி அதிபர் பதவிக்கான வரிசையில் துணை அதிபர், சபாநாயகருக்கு அடுத்து அவர் நிற்கிறார். 2025 ஜனவரியில் 91 வயதில் சக் கிராஸ்லி அங்கே வந்து சேர்ந்தார், 1981 முதல் செனட்டில் இருப்பவர் என்ற ஒரே தகுதியில்.

மூப்பு முட்டுக்கட்டையானபோது

விதி தெளிவாக இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க வரலாறே அதற்கு எதிர்சாட்சி. 1910-ல் சபாநாயகர் ஜோசப் கேனனின் ஏகபோகத்தை உறுப்பினர்கள் கலகம் செய்து உடைத்தார்கள். அதன்பின் குழுத் தலைவர் பதவிகள் படிப்படியாக மூப்பின் கைக்குப் போயின. தனி ஆளின் தயவு ஒழிந்தது நல்லதுதான். ஆனால் திரும்பத் திரும்ப யார் வென்றுவருகிறார்கள்? போட்டியே இல்லாத தென் மாநிலங்களின் வெள்ளையின ஜனநாயகக் கட்சியினர். கறுப்பின மக்களை வாக்குச்சாவடிக்குள் விடாமல் ஜெயித்தவர்கள், அந்த வெற்றிகளையே மூப்பாக்கிக்கொண்டு, அதே மக்களின் உரிமை மசோதாக்களைக் குழுக்களில் முடக்கினார்கள்.

வர்ஜீனியாவின் ஹோவர்ட் ஸ்மித் 1955 முதல் பிரதிநிதிகள் சபையின் விதிகள் குழுவுக்குத் தலைவர். அவர் கூட்டத்தைக் கூட்டவில்லையென்றால் மசோதா அவைக்கே வராது. 1957-ல் சிவில் உரிமை மசோதா வந்தபோது, பண்ணையில் தன் கொட்டகை எரிந்துவிட்டது, பார்க்கப் போகிறேன் என்று வாஷிங்டனைவிட்டே போய்விட்டார். சபாநாயகர் சாம் ரேபர்னால் அவரை நீக்க முடியவில்லை. 1961-ல் அந்தக் குழுவின் எண்ணிக்கையை 12-லிருந்து 15 ஆக்கித்தான் அவருடைய பிடியைத் தளர்த்த முடிந்தது. அதற்கும் கிடைத்த ஆதரவு 217, எதிர்ப்பு 212.

வாட்டர்கேட்டுக்குப் பிறகு, 1974 தேர்தலில் புதிதாக வந்த இளம் ஜனநாயகக் கட்சியினர்தான் இதை உடைத்தார்கள். குழுத் தலைவர்களைத் தங்கள் முன்னால் வந்து பேசச் சொன்னார்கள். ராணுவக் குழுத் தலைவர் எட்வர்ட் ஹெபர் அவர்களைப் பள்ளிப் பிள்ளைகளைப் போல விளித்தார். 1975 ஜனவரியில் அவரும், விவசாயக் குழுவின் போக் என்பவரும், 1929 முதல் சபையில் இருந்த வங்கித் துறைக் குழுவின் ரைட் பேட்மனும் பதவி இழந்தார்கள். இருபது ஆண்டு கழித்து குடியரசுக் கட்சி, குழுத் தலைவர்களுக்கு ஆறு ஆண்டு உச்சவரம்பு வைத்தது.

ஆகவே சட்டம் இயற்றும் பலத்தை மூப்பிடம் ஒப்படைப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் சபாநாயகர் தேர்ந்தெடுக்கப்படும்வரை அவையைக் காக்கும் இடைவேளைக்கு மூப்பைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் அவைக்கு இன்னும் தலைமை இல்லை. பெரும்பான்மையும் நிரூபிக்கப்படவில்லை. யாருடைய விருப்பத்தையும் சாராத ஒருவர் வேண்டும்.

1932 ஆகஸ்ட் 30 அன்று பெர்லினில் நடந்தது இதைத்தான் காட்டுகிறது. ஜெர்மன் நாடாளுமன்றத்தின் முதல் கூட்டத்துக்கு வயதில் மூத்தவர் தலைமை தாங்க வேண்டும் என்பது விதி. அதற்கு முந்தைய மாதத் தேர்தலில் நாஜிகள் 230 இடங்களோடு மிகப்பெரிய கட்சியாக வந்திருந்தார்கள். அவையில் வயதில் மூத்தவரோ 75 வயது கம்யூனிஸ்ட், கிளாரா செட்கின். கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டது, நடக்கவும் முடியவில்லை. மாஸ்கோவிலிருந்து வந்து, பிறர் தாங்கிப் பிடிக்க மேடையேறி, சீருடையில் உட்கார்ந்திருந்த நாஜிகளின் முகத்துக்கு நேராகப் பாசிசத்துக்கு எதிராக ஒன்றுபடுங்கள் என்று பேசினார். அன்றே ஹெர்மன் கோரிங் அவைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் அந்த மேடை செட்கினுடையது. எழுதப்பட்ட விதி ஒன்று இருந்ததால்தான் அது நடந்தது. மூத்தவர் யார் என்பதை மிகப்பெரிய கட்சி தீர்மானிக்கலாம் என்றிருந்தால் அவர் வாசலையே தாண்டியிருக்க மாட்டார்.

பின்னாளில் அதே ஜெர்மனி இந்த விதியை மாற்றியது. 2017 தேர்தலில் தீவிர வலதுசாரிக் கட்சியின் முதியவர் ஒருவர் அவையைத் தொடங்கிவைக்கும் நிலை வரும் என்று தெரிந்ததும், தேர்தலுக்கு முன்பே, வயதுக்குப் பதிலாக அவையில் கழித்த மொத்த ஆண்டுகளே கணக்கு என்று நாடாளுமன்றம் திருத்தியது. ஒருவரை மனதில் வைத்து விதி செய்வது எனக்கு ஒப்பாத காரியம். ஆனால் அதை அவையிலேயே எல்லோருக்கும் முன்னால், தேர்தலுக்கு முன் செய்தார்கள். 2025-ல் அந்த விதிப்படி அவையைத் தொடங்கிவைத்தவர் இடதுசாரிக் கட்சியின் கிரேகோர் கீசி. நடுவில் சில ஆண்டுகள் அவையில் இல்லாதவர். இடைவெளி அங்கே குறையாகக் கருதப்படவில்லை. பிரான்சிலோ இன்றும் வயதுதான் கணக்கு. 2022-லும் 2024-லும் அங்கே முதல் நாள் தலைமை தாங்கியவர் தீவிர வலதுசாரிக் கட்சியின் ஹோசே கொன்சாலெஸ். மற்ற கட்சிகள் முகம் சுளித்தாலும் விதியை மதித்து உட்கார்ந்திருந்தன.

நாமும் வயதில்தான் தொடங்கினோம். 1946 டிசம்பர் 9 அன்று அரசியல் நிர்ணய சபை முதன்முதலில் கூடியபோது, உறுப்பினர்களில் முதியவரான டாக்டர் சச்சிதானந்த சின்ஹாவைத் தற்காலிகத் தலைவராக அமர்த்தினார்கள். அங்கிருந்து ஆண்டுக் கணக்குக்கு வந்தோம். இப்போது தொடர்ச்சிக் கணக்குக்குப் போகிறோமா? போவதென்றால் அதை அவை முடிவு செய்யட்டும். என்னைக் கேட்டால் மொத்த நாட்கள்தான் நியாயமான கணக்கு. ஒருவரைத் தோற்கடித்து மீண்டும் வெல்லவைப்பது மக்களின் உரிமை, அதை அவர்மீது ஒரு குறையாக ஏற்றுவது சரியல்ல. டி.ஆர்.பாலுவின் கணக்கிலும் 2014 தோல்வி ஓர் இடைவெளிதான். அதற்கு முன் அவர் வென்ற ஐந்து தேர்தல்கள் அதனால் காணாமல் போய்விடுமா?

அவையின் விதிகளை மட்டும் திருத்தினால் போதாது, நியமிக்கும் அதிகாரம் அரசியல் சாசனப்படி குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது. அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். ஆகவே 95(1) பிரிவிலும், சட்டமன்றங்களுக்கான 180(1) பிரிவிலும் அவையில் மொத்தமாக அதிக நாட்கள் இருந்தவர், சமமானால் வயதில் மூத்தவர் என்று சேர்க்க வேண்டும். அமைச்சராக இருப்பவரும், விருப்பமில்லை என்று எழுதிக்கொடுப்பவரும் விலக, அடுத்த பெயருக்குப் போகலாம். சாசனத் திருத்தம் வர நாளாகும் என்றால், அதுவரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பட்டியலை விவகாரத் துறை தயாரிக்க வேண்டாம், மக்களவைச் செயலகம் தயாரிக்கட்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நாட்களின் எண்ணிக்கை இருக்கட்டும். அமெரிக்க செனட்டின் மூப்புப் பட்டியலை இன்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நம் பட்டியலும் 2029 தேர்தல் முடிவுகள் வந்த மறுநாளே, புதிய அமைச்சரவை பதவியேற்பதற்கு முன், எல்லோர் பார்வைக்கும் வந்துவிட வேண்டும்.